முதியவரின் பதற்றத்துக்கு எத்தனை மதிப்பெண்?

அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2023 ஜூன் மாதம் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. பதற்றக் கோளாற்றுக்கான வெளிப்படையான அறிகுறி எதுவும் இல்லாதவர்களாக இருந்தாலும், 64 வயது வரையிலான பெரியவர்களிடம் அந்தக் கோளாறு இருக்கிறதா என்று ஒரு சிறு வினாத்தாளைக் கொண்டு பார்க்கலாம் என்பது அதன் சாரம். 65 வயதைத் தொட்டவர்களைப் பற்றி அதே குழு எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை. நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. பிறந்தநாளுக்கு முந்தைய நாள் கேட்கத் தகுந்ததாக இருந்த கேள்வி மறுநாள் ஏன் தகுதி இழக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். முதியவர்களுக்குப் பதற்றம் குறைவு என்று குழு கருதவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் முதியவர்களிடம் எவ்வளவு துல்லியமாக வேலை செய்கின்றன என்பதற்கான ஆய்வுகள் போதவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் முக்கியமான ஒன்று.

சோதனைகளுக்குப் பஞ்சமில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. முதியவர்களின் பதற்றத்தை அளந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2012-ல் வெளியான ஒரு மதிப்பாய்வு, அவற்றில் 91 வெவ்வேறு அளவுகோல்கள் பயன்பட்டிருப்பதைக் கண்டது. அடிக்கடி பயன்படும் 12-ஐ மட்டும் எடுத்துப் பரிசீலித்தபோது, பெரும்பாலானவற்றுக்கு முதியவர்களிடம் பயன்படுத்துவதை நியாயப்படுத்தும் அளவுக்குச் சான்று இல்லை. ஏனெனில் அவை இளையவர்களையும் நடுவயதினரையும் வைத்து உருவாக்கப்பட்டு, அங்கே நல்ல பெயர் வாங்கி, அந்தப் பெயரோடு முதியோர் பிரிவுக்குள் நுழைந்தவை. ஒரு வினாத்தாளின் நம்பகத்தன்மை அதன் தாளில் அச்சாகியிருக்கும் பண்பு என்று எண்ணுவதால் வருகிற சிக்கல் இது. உண்மையில் நம்பகத்தன்மை என்பது குறிப்பிட்ட மக்களிடம், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, குறிப்பிட்ட முறையில் கேட்டபோது கிடைத்த மதிப்பெண்களின் பண்பு. மக்கள் மாறினால் அதை மறுபடி நிறுவியாக வேண்டும்.

முதுமை இதில் என்ன மாற்றிவிடுகிறது என்பதைப் பார்க்க, 1988-ல் வெளியான பெக் பதற்ற அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். உலகெங்கும் மிக அதிகமாகப் பயன்படும் அளவுகோல்களில் இதுவும் ஒன்று. 21 அறிகுறிகள், ஒவ்வொன்றும் கடந்த சில நாட்களில் எவ்வளவு தொந்தரவு கொடுத்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 63. 16-ஐத் தொட்டால் மிதமான பதற்றம் என்பது வழக்கமான கணக்கு. அறிகுறிகளில் பெரும்பாலானவை உடல் சார்ந்தவை. இப்போது ஒரு 74 வயதுக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். நீண்டகாலச் சர்க்கரை நோயால் அவருடைய பாதங்கள் மரத்தும் கூசியும் போகின்றன. மூட்டுத் தேய்மானத்தால் கால்கள் தள்ளாடுகின்றன. மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்து எடுத்துக்கொண்டால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை போட்டுவிட்டுச் சட்டென எழுந்தால் தலை சுற்றுகிறது, நிலைகொள்ளாமல் ஆடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயிறு எப்போதும் மந்தம். மரத்துப்போதல், கால் தள்ளாட்டம், கை நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல், நிலையின்மை, மூச்சுத்திணறல், அஜீரணம் ஆகிய எட்டு அறிகுறிகளும் அந்த அளவுகோலில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நடுத்தரமான 2 மதிப்பெண் போட்டாலே 16 வந்துவிடுகிறது. பயந்த எண்ணம் ஒன்றுகூட இல்லாமலே அவர் மிதமான பதற்றக்காரர் ஆகிவிட்டார்.

இந்தத் தவற்றின் மோசமான பக்கம் என்னவென்றால், அது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. அடுத்த வாரம் கேட்டாலும் அவருடைய கால் மரத்துத்தான் இருக்கும்; மதிப்பெண் 16-ஐ ஒட்டியே வரும். ஆகவே மறுசோதனை நம்பகத்தன்மை மிக நன்றாக இருப்பதாகக் கணக்கு காட்டும். நம்பகமாக அளக்கப்படுவது சர்க்கரை நோயும் மூட்டுவலியும் என்பது அந்தக் கணக்கில் தெரியாது. ஒரு சோதனை எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதைத்தான் அளக்கிறதா என்ற கேள்வியை உளவியலில் ஏற்புடைமை என்பார்கள். நம்பகத்தன்மை அதற்கு முன்நிபந்தனை; உத்தரவாதம் ஆகாது.

அப்படியானால் உடல் சார்ந்த கேள்விகளை எடுத்துவிடலாமே என்று தோன்றும். மருத்துவமனை நோயாளிகளுக்காக 1983-ல் ஸிக்மண்ட், ஸ்னெய்த் இருவரும் உருவாக்கிய ஹேட்ஸ் அளவுகோல் பெரும்பாலும் அதைத்தான் செய்தது. பதற்றத்துக்கு ஏழு கேள்விகள், மனச்சோர்வுக்கு ஏழு கேள்விகள், உடல்நோயோடு குழம்பக்கூடியவை கூடியவரை விலக்கப்பட்டன. ஆனால் பதற்றத்தை உடலின் மொழியிலேயே உணர்ந்து, உடலின் மொழியிலேயே சொல்லிப் பழகிய தலைமுறைகளும் உண்டு. 'மனசு சரியில்லை' என்று வாயால் சொல்லக் கூசுகிற ஒருவர் 'வயிற்றைப் பிசைகிறது', 'ராத்திரி கண்ணே மூடவில்லை' என்று தயங்காமல் சொல்வார். அந்தக் கேள்விகளை முற்றாக நீக்கினால் அவர் கண்ணிலிருந்து நழுவிவிடுவார். இந்த இழுபறிக்குச் சுத்தமான விடை கிடையாது. எந்தப் பக்கம் தவறினால் சேதம் குறைவு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

முதியவர்களுக்கென்றே உருவான இரு அளவுகோல்கள் இந்த இழுபறியில் இரண்டு வெவ்வேறு முடிவுகளை எடுத்தன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நான்சி பச்சானா, ஜெரார்ட் பைர்ன் ஆகியோரின் குழு 2007-ல் வெளியிட்ட முதியோர் பதற்ற வினாநிரல், உடல் அறிகுறிகளை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு கவலையின் மீது கவனத்தைக் குவித்தது. 20 வாக்கியங்கள், எப்போதும் கவலைப்படுகிறேன், சின்ன விஷயங்கள்கூட என்னை உறுத்துகின்றன, கவலையால் எதையும் அனுபவிக்க முடிவதில்லை என்ற வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொள்கிறேன் அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் பதில் சொன்னால் போதும். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் டேனியல் சீகல் குழு 2010-ல் வெளியிட்ட முதியோர் பதற்ற அளவுகோலோ உடல், எண்ணம், உணர்வு என்று மூன்று கூறுகளாகப் பிரித்து 25 கேள்விகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் கொடுக்கிறது. இதன்படி உடல் கூறு மட்டும் உயர்ந்து மற்ற இரண்டும் தாழ்ந்திருந்தால், மருத்துவர் அதைத் தனியாகப் பார்த்து முதலில் மருந்துச் சீட்டைப் புரட்டலாம். என் கணிப்பில், உடல்நோய் மிகுந்த நோயாளிகளிடம் கூறுகளைப் பிரித்துக் காட்டும் இந்த வழி கூடுதல் பயனுள்ளது; ஆனால் பதில் சொல்பவரிடம் அது கேட்கும் உழைப்பும் கூடுதல்.

அந்த உழைப்பைச் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது. 'ஒருபோதும் இல்லை', 'சில நேரம்', 'பல நேரம்', 'எப்போதும்' என்ற நான்கு படிகளை மனத்தில் நிறுத்திக்கொண்டு, கடந்த ஒரு வாரத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, அதை ஒரு படியோடு பொருத்துவது நினைவாற்றல் சற்றே தளர்ந்தவருக்குச் சுமையான வேலை. 1980-களின் தொடக்கத்தில் யெசவேஜ் குழு உருவாக்கிய முதியோர் மனச்சோர்வு அளவுகோல் 'ஆம், இல்லை' முறையைத் தேர்ந்தெடுத்ததற்கும், பிறகு வந்த பதற்ற வினாநிரல் அதே பாணியைப் பின்பற்றியதற்கும் இதுவே காரணம். எதிர்மறையாகத் திருப்பிப் போடப்பட்ட வாக்கியங்கள் இன்னொரு தடை. ஸ்பீல்பெர்கரின் நிலை-இயல்புப் பதற்ற வினாநிரலில் 'அமைதியாக உணர்கிறேன்' என்பதுபோன்ற வாக்கியங்கள் பதற்ற வாக்கியங்களோடு கலந்து வரும். அவற்றுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். யோசிக்காமல் ஒரே பக்கம் கோடு போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பிடிக்க இந்த உத்தி உதவும் என்று கருதினார்கள். முதியவர்களிடம் அது குழப்பத்தைத்தான் கூட்டியது. பென் ஸ்டேட் கவலை வினாத்தாளின் 16 கேள்விகளில் ஐந்து இப்படித் திருப்பிப் போட்டவை. முதியவர்களுக்காக 2003-ல் அதை எட்டுக் கேள்விகளாகச் சுருக்கியபோது அந்த ஐந்தும் போய்விட்டன.

இனி, அறிக்கைகளில் எல்லோரும் முதலில் தேடுகிற அந்த ஒற்றை எண்ணுக்கு வருவோம். குவீன்ஸ்லாந்து வினாநிரலின் உள் ஒத்திசைவு, சமூகத்தில் வாழும் நலமான முதியவர்களிடம் 0.91, முதியோர் மனநலப் பிரிவுக்கு வந்தவர்களிடம் 0.93 என்று அதன் ஆசிரியர்கள் அறிவித்தார்கள். லீ குரோன்பாக் 1951-ல் பிரபலமாக்கிய ஆல்ஃபா என்னும் கெழு இது. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன, எத்தனை கேள்விகள் உள்ளன என்ற இரண்டையும் சேர்த்துத் தருகிற எண் அது. கேள்விகளின் எண்ணிக்கை அதில் ஒளிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 0.91 ஆல்ஃபா கொண்ட 20 கேள்விகளைப் பாதியாகக் குறைத்தால், கேள்விகளின் தரம் சற்றும் மாறாவிட்டாலும், ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரத்தின்படி அது 0.83 அளவுக்கு இறங்கும். ஐந்தாகக் குறைத்தால் 0.72-க்கு. மறுதலையாக, ஒரே கவலையைப் பத்து விதமாகச் சொற்களை மாற்றிக் கேட்டால் ஆல்ஃபா வானத்தைத் தொடும், அளக்கப்படும் பரப்போ குறுகிவிடும். 0.95-ஐத் தாண்டிய ஆல்ஃபாவைப் பார்த்து மகிழ்கிறவர்களைவிட, கேள்விகள் ஒன்றையே திருப்பிச் சொல்கின்றனவோ என்று சந்தேகப்படுகிறவர்களே சோதனைகளை நன்றாகப் படிக்கிறவர்கள்.

நோயாளியின் எதிரில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு ஆல்ஃபாவைவிட அதிலிருந்து பெறப்படுகிற இன்னொரு எண் அதிகம் பயன்படும். அதன் பெயர் அளவீட்டுத் திட்டப்பிழை. ஒரு குழுவில் மதிப்பெண்களின் திட்டவிலக்கம், அதாவது அவை சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு, 5 என்று வைத்துக்கொள்வோம். நம்பகத்தன்மை 0.91 என்றால், ஒன்றிலிருந்து அதைக் கழித்து வர்க்கமூலம் எடுத்து 5-ஆல் பெருக்க 1.5 வருகிறது. 10 மதிப்பெண் வாங்கிய ஒருவருடைய 'உண்மையான' மதிப்பெண் 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு ஏறக்குறைய 7-க்கும் 13-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் நம்மால் சொல்ல முடியும். இத்தனைக்கும் 0.91 மிக நல்ல எண். அது 0.80 ஆக இருந்தால் இடைவெளி ஐந்தரையிலிருந்து பதினான்கரை வரை விரியும். சிகிச்சைக்கு முன் 12, மூன்று மாதம் கழித்து 9 என்று வந்தால் முன்னேற்றம் என்று எழுதிவிடத் தோன்றும். ஜேக்கப்சன், டிரூவாக்ஸ் இருவரும் 1991-ல் வகுத்த நம்பகமான மாற்றத்துக்கான சூத்திரத்தில் மேற்சொன்ன எண்களைப் போட்டால், குறைந்தது ஐந்து மதிப்பெண் மாறினால்தான் அது அளவுகோலின் சலனத்தைத் தாண்டிய மாற்றம் என்று கருத முடியும். மூன்று மதிப்பெண் இறக்கம் எதையும் நிரூபிக்கவில்லை. நோயாளி தேறியிருக்கலாம், தேறாமலும் இருக்கலாம்.

மறுசோதனையைப் பற்றி ஒரு குறிப்பு. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அதே மதிப்பெண் வர வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் ஸ்பீல்பெர்கர் தன் 40 கேள்விகளை இரண்டாகப் பிரித்தார்: 20 கேள்விகள் இந்த நிமிடத்தின் பதற்றத்துக்கு, 20 கேள்விகள் ஒருவரின் நிலையான இயல்புக்கு. இந்த நிமிடத்தின் பதற்றத்தை அளக்கும் பகுதி, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளும் வீடு திரும்பிய மறுவாரமும் ஒரே எண்ணைக் காட்டினால் அது பழுதான கருவி. குறைந்த மறுசோதனை ஒட்டுறவு அங்கே குறையாகாது. எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யாமல் நம்பகத்தன்மை எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கேள்வியை யார், எப்படி, யார் முன்னால் கேட்கிறார்கள் என்பதைத் தாளில் அச்சிட முடியாது. பார்வை மங்கியவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் செவிலியர் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். 'ஐயா, போன வாரம் மனசு நிலைகொள்ளாம இருந்துதா?' என்று கேட்டால், 'எங்க வயசுல அதெல்லாம் இருக்கத்தானேம்மா செய்யும்' என்று பதில் வருகிறது. இதற்கு என்ன குறிப்பது? ஒருவர் 'ஆம்' என்று குறிப்பார். இன்னொருவர், ஐயா தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார் என்று கருதி 'இல்லை' என்று குறிப்பார். மூன்றாமவர் மறுபடி கேட்பார். இருவர் தனித்தனியே மதிப்பிட்டால் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று பார்ப்பதற்கு ஜேக்கப் கோஹன் 1960-ல் தந்த கப்பா கெழு உண்டு. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவது அதன் சிறப்பு. ஆனால் ஆய்வில் பயிற்சி பெற்ற இருவரிடையே கிடைத்த கப்பா, கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் அவசரமாகக் கேட்கும் இருவருக்குச் செல்லுபடியாகும் என்று எதிர்பார்க்க முடியாது. கொலராடோ அளவுகோலின் கடைசி ஐந்து கேள்விகள் மதிப்பெண்ணில் சேராதவை. பணம், உடல்நலம், பிள்ளைகள், சாவு, பிறருக்குப் பாரமாகிவிடுவது ஆகியவற்றைப் பற்றிய கவலை உண்டா என்று கேட்பவை. அந்த ஐந்தாவது கேள்வியை மகனும் மருமகளும் அருகில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் கிடைக்கும் பதிலின் மதிப்பு என்ன என்பதை எந்தக் கெழுவும் சொல்லாது. அந்தக் கேள்விக்கு முன் அவர்களைப் பத்து நிமிடம் வெளியே அனுப்புவது பல புள்ளியியல் திருத்தங்களைவிட அதிகப் பலன் தரும்.

டிமென்ஷியா வந்தவர்களிடம் நிலைமை வேறு. கடந்த வாரம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கே அங்கே பிடிப்பில்லை. ஷங்கர், ஆரல் முதலியோர் 1999-ல் இங்கிலாந்தில் உருவாக்கிய ரெய்ட் என்னும் அளவுகோல், நோயாளியையும் பராமரிப்பவரையும் பேசவைத்து, நேரில் கவனித்து, மருத்துவப் பதிவையும் பார்த்து மதிப்பிடச் சொல்கிறது. கவலை, எச்சரிக்கையும் மிரட்சியும், தசை இறுக்கம், தன்னியக்க நரம்பின் மிகைச்செயல் (படபடப்பு, வியர்வை போன்றவை) என்ற தலைப்புகளில் 18 கேள்விகள். 11 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவ கவனம் தேவைப்படும் பதற்றம். இது வழக்கமான வினாத்தாளைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் இரவெல்லாம் கண் விழித்துக் களைத்துப்போன மனைவி சொல்லும் தகவலில் நோயாளியின் பதற்றம் எது, மனைவியின் சொந்தச் சோர்வு எது என்று பிரிப்பது கடினம்.

அடுத்தது வெட்டுப்புள்ளி. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் 'உண்டு' என்று சொல்வது? முதியோர் மனநலப் பிரிவில், பொதுமைப்பட்ட பதற்றக் கோளாறு (பல விஷயங்களைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் வகை) உள்ளவர்களைப் பிரிக்க 10-க்கும் 11-க்கும் இடையில் கோடு போட்டால் 83 விழுக்காட்டினர் சரியாக வகைப்படுகிறார்கள் என்று குவீன்ஸ்லாந்து குழு கண்டது. நோய் உள்ளவர்களில் 75 விழுக்காட்டினரை அந்தக் கோடு பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 84 விழுக்காட்டினரை இல்லை என்று சரியாக ஒதுக்கியது. எந்தப் பதற்றக் கோளாறாக இருந்தாலும் பிடிக்க வேண்டும் என்றால் 8-க்கும் 9-க்கும் இடையில் கோடு போட வேண்டியிருந்தது. பார்க்கின்சன் நோயாளிகளிடம் செய்த பின்னாளைய ஆய்வில் கோடு 6-க்கும் 7-க்கும் இடையில் இறங்கியது. பொது மருத்துவத்தில் மிகவும் புழங்கும் ஜி.ஏ.டி-7 வினாத்தாளுக்கும் இதே கதைதான்: 2006-ல் அதை வெளியிட்டவர்கள் 10 என்று வைத்த வெட்டுப்புள்ளி, முதியவர்களிடம் ஜெர்மனியில் சோதித்தபோது 5 என்று பாதியாகிவிட்டது. 10-ஐ அப்படியே வைத்துக்கொண்டு முதியோர் பிரிவில் வேலை செய்கிறவர்கள், தெரியாமலே பலரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

75, 84 என்ற அந்த எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். பொதுமக்களில் 1000 முதியவர்களிடம் சோதிக்கிறோம், அவர்களில் 100 பேருக்கு உண்மையிலேயே கோளாறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் 75 பேரைப் பிடிக்கும். மீதமுள்ள 900 பேரில் 16 விழுக்காடு, அதாவது 144 பேர், கோளாறு இல்லாமலே கோட்டைத் தாண்டுவார்கள். ஆகக் கோட்டைத் தாண்டிய 219 பேரில் மூன்றில் ஒருவருக்குத்தான் கோளாறு உண்டு. அதே தாளை, 1000 பேரில் 400 பேருக்குக் கோளாறு இருக்கும் ஒரு மனநலப் பிரிவில் கொடுத்தால், 300 பேர் சரியாகவும் 96 பேர் தவறாகவும் பிடிபடுவார்கள். நான்கில் மூன்று பேருக்குக் கோளாறு உண்மை. தாள் மாறவில்லை, கேள்வி மாறவில்லை, 75, 84 என்ற எண்களும் மாறவில்லை. ஆனால் '11 மதிப்பெண்' என்பதன் பொருள் இரண்டு இடங்களிலும் வேறு. பதற்றத்தைத் தணிக்கத் தரப்படும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் முதியவர்கள் கீழே விழும் அபாயத்தைக் கூட்டுகின்றன என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆகவே தவறாகப் பிடிபட்ட அந்த 144 பேரில் சிலர் வினாத்தாளின் பலத்திலேயே மாத்திரைக்குப் போய்விடுவது வெறும் புள்ளிவிவரப் பிழையாக முடியாது. கோட்டைத் தாண்டியவரோடு உட்கார்ந்து முறையாகப் பேச ஆள் இல்லாத இடத்தில் வினாத்தாளை விநியோகிக்காமல் இருப்பதே நல்லது.

வினாத்தாள்கள் பெரும்பாலும் கோட்டைவிடுகிற ஒன்று தவிர்த்தல். ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி, அதன் பிறகு கோயிலுக்குப் போவதையும் கடைக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறார். வெளியே போகாததால் பயப்படும் சந்தர்ப்பமே அவருக்கு வாய்ப்பதில்லை. கடந்த வாரம் பதற்றமாக இருந்ததா என்று கேட்டால் இல்லை என்று உண்மையாகவே சொல்வார். மதிப்பெண் பூஜ்யத்தை ஒட்டி வரும். வீட்டிலும் 'வயசாச்சு, எதுக்கு அலையணும்' என்று அதை இயல்பாக எடுத்துக்கொள்வார்கள். 2005-ல் வெளியான விழுதல் பற்றிய தன்னம்பிக்கை அளவுகோலின் பன்னாட்டு வடிவம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. வீட்டைக் கூட்டும்போது, குளிக்கும்போது, படி ஏறும்போது, வழுக்கும் தரையில் நடக்கும்போது என்று 16 செயல்களைச் சொல்லி ஒவ்வொன்றிலும் விழுந்துவிடுவோமோ என்று எவ்வளவு கவலைப்படுகிறீர்கள் என்று கேட்கிறது. செய்யாத செயலாக இருந்தால் செய்வதாக நினைத்துக்கொண்டு பதில் சொல்லச் சொல்கிறது.

மக்கள்தொகை ஆய்வுகளில் இந்த அளவீட்டுச் சிக்கல்கள் எண்களாகவே தெரிகின்றன. ஹாம்பர்க், ஃபெராரா, மாட்ரிட், ஜெனீவா, ஜெருசலேம் உள்ளிட்ட ஐரோப்பிய, இஸ்ரேலிய மையங்களில் 65 முதல் 84 வயது வரையிலானவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், வழக்கமான நேர்காணல் கருவியை முதியவர்களுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டார்கள். நீண்ட கேள்விகளை உடைத்துச் சுருக்கினார்கள். கடந்த 12 மாதங்களில் ஏதேனும் ஒரு பதற்றக் கோளாறு இருந்தவர்கள் 17.2 விழுக்காடு என்று வந்தது. முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட்டால் இது உயர்ந்த எண். கோளாறுகளில் முதலிடம் பிடித்தது, வெளியிடங்களுக்கும் கூட்டத்துக்கும் போக அஞ்சித் தவிர்க்கும் அகோராஃபோபியா. கேள்வியைத் திருத்தியதும் தவிர்த்தலே மேலே வந்து நின்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுபுறம், 10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு ஏழு நாடுகளின் 11 பகுதிகளில் 65 வயதைத் தாண்டிய 15,021 பேரிடம் எடுத்த கணக்கு 2011-ல் வெளியானது. இதில் நகர்ப்புறத்துக்குச் சென்னையும் கிராமப்புறத்துக்கு வேலூர்ப் பகுதியும் இந்தியாவின் சார்பாக இடம்பெற்றன. எல்லா இடங்களிலும் முதியோர் மனநிலைப் பரிசோதனை என்னும் ஒரே நேர்காணல், ஒரே கணினி நிரல். வயதையும் பாலினத்தையும் சமன்செய்த பிறகும் பதற்றத்தின் அளவு சீனக் கிராமப்புறத்தில் 0.1 விழுக்காடாகவும் பெரு நாட்டு நகர்ப்புறத்தில் 9.6 விழுக்காடாகவும் வந்தது. ஏறத்தாழ நூறு மடங்கு வேறுபாடு. சீனக் கிராமத்து முதியவர்கள் நூறு மடங்கு நிம்மதியானவர்கள் என்று ஒருவர் வாதிடலாம். நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்கும்போது எதை ஒத்துக்கொள்வது, எதைச் சொல்லாமல் விடுவது, எது சொல்லத் தகுந்த துன்பம் என்ற ஊர் வழக்கங்களும் அந்த எண்ணுக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

இதைப் பிரித்தறிய வழி உண்டு. இரண்டு இடங்களில், அல்லது இரண்டு வயதுக் குழுக்களில், ஒட்டுமொத்தப் பதற்றம் ஒரே அளவில் இருப்பவர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் 'ஆம்' சொல்லும் வாய்ப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு குழு தொடர்ந்து அதிகமாகவோ குறைவாகவோ 'ஆம்' சொன்னால், அந்தக் கேள்வி பதற்றத்தைத் தவிர வேறொன்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். படபடப்பு பற்றிய கேள்வி 40 வயதுக்காரர்களிடமும் 80 வயதுக்காரர்களிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்பதையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு மொழியிலும் நூற்றுக்கணக்கான முதியவர்கள் வேண்டும், அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உடல்நோய் மிகுந்தவர்களும் 80-ஐத் தாண்டியவர்களும் போதிய அளவில் இருக்க வேண்டும், வினாத்தாளின் மதிப்பெண் தெரியாத மருத்துவர் ஒருவர் ஒவ்வொருவரோடும் தனியே பேசி முடிவு எழுத வேண்டும். இப்படி ஓர் ஆய்வு நடந்த மொழிகளில்தான் வெட்டுப்புள்ளி என்று ஓர் எண்ணைத் துணிந்து அச்சிடலாம். மற்ற மொழிகளில் 10 என்பதும் 5 என்பதும் இப்போதைக்கு இரவல் எண்கள்.